ஓடும் கேமரா: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறிய பிறகு வரும் சந்தேகங்களில் முதலிடம் காஸ் அடுப்புக்குத்தான். ரெகுலேட்டரை மூடினோமா, பாலைச் சிம்மில் வைத்ததை மறந்துவிட்டோமா என்று பாதி வழியில் மனம் அடித்துக்கொள்ளும். 2021 செப்டம்பர் 28 அன்று அமேசான் நிறுவனம் ‘ஆஸ்ட்ரோ’ என்ற வீட்டு ரோபோவை அறிமுகப்படுத்தியபோது அது சொன்ன உதாரணங்களில் ஒன்றும் இந்த அடுப்புதான். முழங்கால் உயரமே உள்ள ஆஸ்ட்ரோ சமையலறைக்குள் உருண்டு போகும். தலையிலிருந்து ஒரு தண்டு நீளும். அதன் நுனியில் இருக்கும் கேமரா தரையிலிருந்து ஏறக்குறைய 107 செ.மீ. உயரத்துக்கு எழும்பி மேடையை எட்டிப் பார்க்கும். அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் வீட்டுக்காரரின் செல்போனில் தெரிந்துவிடும். அணைப்பதற்குத்தான் அதற்குக் கை கிடையாது.

கேமரா ரோபோ வாங்க நினைப்பவர் கடைக்குப் போகும் முன் தெளிய வேண்டியது இது. ரோபோ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும், அவ்வளவுதான். காவலாளி வேலையும் நர்ஸ் வேலையும் அதற்குத் தெரியாது. அது காட்டுவதைப் பார்த்து ஓடிப் போக வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும். துபாயில் இருக்கும் மகன், திருச்சி வீட்டில் அம்மா தரையில் விழுந்து கிடப்பதை ரோபோவின் கண் வழியே அந்த நிமிடமே பார்த்துவிடலாம். ஆனால் அங்கிருந்து 108-ஐ அழுத்தினால் திருச்சி ஆம்புலன்ஸ் வராது. பக்கத்து வீட்டாரின் நம்பர், அவரிடம் மாற்றுச் சாவி, பக்கத்து ஆஸ்பத்திரியின் முழு நம்பர் ஆகிய மூன்றும் தயாராக இல்லாத வீட்டில் இந்தக் கருவி பதற்றத்தைத்தான் கூட்டும். செல்போனில் ஆப் இறக்குவதற்கு முன் இந்த ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும்.

பழைய ஆசை, புதிய சக்கரம்

இந்த ஆசை ஆஸ்ட்ரோவோடு பிறந்ததல்ல. ஜப்பானின் ஃபுஜித்சு நிறுவனம் 2002-லேயே ‘மாரோன்-1’ என்ற ரோபோவைக் காட்டியது. செல்போனிலிருந்து கட்டளை கொடுத்தால் அது வீட்டுக்குள் நகர்ந்து படமெடுத்து அனுப்பும். ரூம்பா என்ற தரை பெருக்கும் ரோபோவால் பெயர் வாங்கிய அமெரிக்காவின் ஐரோபாட், 2007-ல் ‘கனெக்ட்ஆர்’ என்று ஒன்றை அறிவித்தது. வேலை நிமித்தம் வெளியூரில் தங்கும் பெற்றோர் அங்கிருந்தே பிள்ளைக்குத் தூங்கும் நேரக் கதை வாசிக்கலாம் என்பது அதன் விளம்பரம். பரவலான விற்பனைக்கு வராமலே அதைக் கைவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு வந்த ‘ரோவியோ’ நிஜமாகவே கடைகளில் விற்றது. பொம்மை ரோபோக்களுக்குப் பெயர்போன ‘வாவ்வீ’ நிறுவனத்தின் தயாரிப்பு. விலை 299 டாலர். எந்தப் பக்கமும் நகரும் மூன்று சக்கரங்கள், நிமிரும் கழுத்தில் ஒரு கேமரா, வைஃபை. உலகின் எந்த மூலையிலிருந்தும் பிரவுசரில் திறந்து ஓட்டலாம். அதை ஆசையாக வாங்கியவர்களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்களும் இருந்தார்கள். ரோவியோவையும் அதன் சகாக்கள் இரண்டையும் சோதனைச் சாலையில் வைத்துப் பிரித்து மேய்ந்து, 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யூசர்நேமும் பாஸ்வேர்டும் ரோவியோவிலிருந்து எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே காற்றில் போய்க்கொண்டிருந்தன. அந்த வைஃபையை ஒட்டுக்கேட்க முடிந்தவர் பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு, பிறகு எங்கிருந்தும் ரோபோவை ஓட்டலாம். சுவரில் மாட்டிய கேமரா களவு போனால் ஒரு மூலைதான் தெரியும். சக்கரம் உள்ள கேமரா களவு போனால், களவாடியவர் எந்த அறையைப் பார்க்க விரும்புகிறாரோ அந்த அறைக்கே அது போகும். இத்துறையின் எல்லாத் தலைவலிகளுக்கும் மூலம் இந்த ஒரு வித்தியாசம்தான்.

அமேசானின் துணை நிறுவனமான ரிங், 2020 செப்டம்பரில் சக்கரத்தையும் விட்டுவிட்டுப் பறக்கும் கேமராவை அறிவித்தது. 250 டாலர் விலையில் வீட்டுக்குள்ளேயே சுற்றும் குட்டி ட்ரோன். பரவலான விற்பனைக்கு அது வராமலே போனாலும் அதன் வடிவமைப்பில் பாராட்ட வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. கூட்டில் உட்கார்ந்திருக்கும்போது கேமராவைக் கூட்டின் சுவரே மறைத்துவிடும். பறக்கும்போது இரைச்சல் போடும். அந்த இரைச்சலையே நிறுவனம் ஒரு வசதியாகச் சொன்னது. கேமரா ஓடுகிறது என்பதை வீட்டில் இருப்பவர் காதாலேயே அறியலாம் அல்லவா? ரோபோ எவ்வளவு சத்தமில்லாமல் போகிறது என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உண்மையில் தேவைதானா?

எல்லா வீட்டுக்கும் ஓடும் கேமரா தேவையில்லை. வாசலையும் கூடத்தையும் பார்த்தால் போதும் என்பவருக்கு, இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயில் கிடைக்கும் தலை திருப்பும் கேமரா இரண்டை மாட்டினால் வேலை முடிந்தது. அது தடுக்கி விழாது, சோபாவுக்கு அடியில் சிக்காது, கூப்பிட்ட நேரத்தில் சார்ஜ் இல்லை என்று சொல்லாது. ஒரே ஒரு கேமரா பல அறைகளைப் பார்க்க வேண்டும், ஆனால் எந்த அறையிலும் நிரந்தரமாகக் கண் இருக்கக்கூடாது என்று வீட்டார் நினைத்தால்தான் ரோபோவுக்கு நியாயம் உண்டு. படுக்கையறைச் சுவரில் கேமரா மாட்டச் சம்மதிக்காத பெரியவர், தேவைப்படும்போது மட்டும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் கருவிக்குச் சம்மதிக்கக்கூடும்.

கேமராவே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. ஜப்பானின் ஸோஜிருஷி நிறுவனம் 2001-ல் ஒரு வெந்நீர்க் கெட்டிலை வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. தனியாக வாழும் பாட்டி காலையில் டீ போட அதை அழுத்தினால், வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குத் தகவல் போகும். ஒரு நாள் முழுக்க அழுத்தவில்லை என்றால் பிள்ளை போன் செய்வார். படமும் இல்லை, குரலும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விக்கு மட்டும் பதில். பெற்றோரைக் கண்காணிக்க விரும்பும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இவ்வளவுதான் என்பது இந்நூலின் கருத்து.

இரண்டையும் சேர்த்துச் செய்து பார்த்தது ஐரோப்பாவின் ‘ஜிராஃப்பிளஸ்’ திட்டம். ஸ்வீடன், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் முதியவர்களின் வீடுகளில் 2012 முதல் 2014 வரை நடந்தது. வீடு முழுவதும் சிறு சென்சார்கள் நடமாட்டத்தையும் உடல்நிலையையும் கவனித்துக்கொண்டிருக்கும். திரையும் கேமராவும் உள்ள, ஆள் உயரத்தை ஒட்டிய ஒரு சக்கர ரோபோ மூலையில் சும்மா நிற்கும். பிள்ளைகளோ டாக்டரோ பேச நினைக்கும்போது மட்டும் அதன் வழியே வீட்டுக்குள் வருவார்கள். சென்சாருக்கு எப்போதும் வேலை, கேமராவுக்கு எப்போதாவதுதான் வேலை. இந்த வரிசையைச் சாதாரண வீட்டிலும் பின்பற்றலாம். கதவு சென்சார் ஒன்று, நடமாட்டச் சென்சார் இரண்டு வைத்துவிட்டு, அவை சந்தேகம் கிளப்பும்போது மட்டும் ரோபோவை அனுப்பினால் போதும்.

தரை, வைஃபை, கரண்ட்

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. கேமரா வைத்த தரை துடைக்கும் ரோபோ ஒன்று. உள்ளங்கை அளவில் உருண்டோடும் சிறு கண்காணிப்பு ரோபோ மற்றொன்று. இரண்டுக்குமே கண் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்தான். மேடை மேல் இருக்கும் அடுப்பு அவற்றுக்குத் தெரியாது. கட்டிலில் படுத்திருப்பவரின் முகமும் தெரியாது. தெரிவது கட்டில் கால், செருப்பு, வேட்டி நுனி. விளம்பரப் படத்தில் எடுத்த கோணத்தை நம்பாமல், செல்போனைத் தரையில் சாய்த்து வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தால் வாங்கப் போகும் காட்சி என்னவென்று புரிந்துவிடும்.

பழைய வீடுகளின் நிலைப்படி அடுத்த தடை. தரை துடைக்கும் ரோபோக்களில் பல 2 செ.மீ. உயரம்தான் ஏறும். நிலைப்படி வைத்த வீட்டில் ஒவ்வொரு அறையும் ரோபோவுக்குத் தனித் தீவு. மாடிப்படி ஏறுவது ஆயிரம் டாலர் விலை வைத்த ஆஸ்ட்ரோவுக்கும் முடியாத காரியம். படியிலிருந்து உருண்டு விழாமல் இருக்க ரோபோவின் அடிவயிற்றில் அகச்சிவப்புச் சென்சார்கள் உண்டு. அவை தரைமேல் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் அளவை வைத்துப் பள்ளமா தரையா என்று முடிவு செய்கின்றன. கறுப்புத் தரை அந்த ஒளியை விழுங்கிவிடும். கடப்பைக் கல் பதித்த கூடத்தில் சில ரோபோக்கள் நாலாபுறமும் பாதாளம் என்று நினைத்து நின்ற இடத்திலேயே நின்றுவிடுவது இதனால்தான். சென்சாரின் மேல் டேப் ஒட்டினால் சரியாகிவிடும் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. சரியாகும், பிறகு அது நிஜமான படியையும் தரை என்றே நினைக்கும்.

பீரோவில் பதித்த ஆளுயரக் கண்ணாடி இன்னொரு குழப்பம். லேசர் வைத்து வரைபடம் போடும் ரோபோக்களுக்குக் கண்ணாடிக்குள் ஒரு அறை இருப்பதுபோலத் தோன்றும். பூஜை அறையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். தரையில் எரியும் குத்துவிளக்கின் பக்கம் சக்கரம் வைத்த எதுவும் போகக்கூடாது. ஆப்பில் வரைபடம் உருவானதும் முதல் வேலையாக அந்த இடத்தைத் தடை செய்யப்பட்ட பகுதியாகக் குறிக்க வேண்டும். குளியலறை வாசல் இரண்டாவது. வரைபட வசதி இல்லாத மாடல் என்றால், வெளியூரிலிருந்து ஓட்டுவதற்கு முன் அந்தக் கதவுகள் சாத்தியிருக்கின்றனவா என்று வீட்டில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்வதுதான் வழி.

வைஃபையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இணையத்தின் வேகத்தைப் பேசுகிறார்கள். ரோபோவைப் பொறுத்தவரை வேகத்தைவிடச் சிக்னல் எங்கெங்கே எட்டுகிறது என்பதுதான் பிரச்சினை. ரூட்டர் கூடத்தில் டி.வி.க்கு மேலே இருக்கும். ரோபோ தரையோடு தரையாக ஊர்ந்து, இரும்பு பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் பின்னால் போகும். நின்ற உயரத்தில் நன்றாகக் கிடைக்கும் சிக்னல் கணுக்கால் உயரத்தில் அறுந்துபோகலாம். செல்போனில் ஒரு வீடியோ கால் போட்டு, போனைக் கணுக்கால் உயரத்தில் பிடித்தபடி வீடு முழுக்க ஒரு நடை போனால் எந்த மூலையில் படம் உறைகிறது என்பது தெரிந்துவிடும். அந்த மூலையில்தான் ரோபோவும் ஒருநாள் செத்து நிற்கும். சுவரைத் தாண்டுவதில் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தேவலை. பல மாடல்கள் அதில் மட்டும்தான் இணையும் என்பதால், ரூட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொண்டால் முதல் நாள் இணைப்பு வேலை சுலபமாகும்.

தொலைவிலிருந்து ஓட்டுபவர் கணக்கில் கொள்ள வேண்டிய இன்னொன்று தாமதம். படம் வீட்டிலிருந்து சர்வருக்குப் போய், அங்கிருந்து போனுக்கு வருவதற்குள் அரை விநாடி கடந்துவிடலாம். விநாடிக்கு அரை மீட்டர் போகும் ரோபோ அதற்குள் 25 செ.மீ. முன்னால் போயிருக்கும். திரையில் பூந்தொட்டி தெரியும்போது தொட்டி ஏற்கெனவே சாய்ந்திருக்கலாம். அதனால் விரலால் திசை காட்டி ஓட்டும் மாடலைவிட, வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் தானே வழி கண்டு போகும் மாடல் வெளியூர்க்காரருக்கு ஏற்றது. பூனை குறுக்கே வந்தாலும் அது இணையத்தைக் கேட்டுக்கொண்டிருக்காமல் தானே நின்றுவிடும்.

கரண்ட் போனால்? மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவிக்கும் நாளில் ரோபோவின் பேட்டரியில் உயிர் இருக்கும், ரூட்டரில் இருக்காது. ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்றை இணைத்துவிட்டால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஃபைபர் வயர் வந்து சேரும் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து. இதை மறந்துவிட்டு ரோபோவைக் குறை சொல்பவர்கள் நிறைய.

களவு போகும் வழிகள்

சீனாவின் எகோவாக்ஸ் நிறுவனத்துக்கு நடந்ததை விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் இதில் ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. அதன் கேமரா ரோபோக்களின் நேரடிப் படத்தைப் பார்க்க நான்கு இலக்க ரகசிய எண் கேட்கும். அந்த எண் சரியா என்று பார்ப்பது ஆப் மட்டும்தான். ரோபோவும் சர்வரும் பார்ப்பதில்லை என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த ஒரு மாநாட்டில் காட்டினார்கள். கதவுக்குப் பூட்டு இருக்கிறது, ஆனால் சுவர் இல்லை என்பது போன்ற ஏற்பாடு. 2024 மே மாதம் அமெரிக்காவின் பல நகரங்களில் அந்த நிறுவனத்தின் ‘டீபாட் எக்ஸ்2’ ரோபோக்கள் திடீரென்று தாமாக ஓட ஆரம்பித்தன. மின்னசோட்டாவில் ஒரு வீட்டில் ரோபோவின் ஸ்பீக்கரிலிருந்து இனவெறி வசவுகள் வந்தன. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ரோபோ வீட்டு நாயைத் துரத்தியது. அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஏ.பி.சி. செய்தி நிறுவனம் இவற்றை வெளிக்கொண்டு வந்தது.

வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளை இங்கே போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பது நிறுவனத்தின் விளக்கம். அதுவும் உண்மையாக இருக்கலாம், ரகசிய எண்ணின் ஓட்டையும் உண்மைதான். வாங்கியவர் கையில் இருப்பது முதல் பாதி மட்டும். ஒரே பாஸ்வேர்டை மெயிலுக்கும் கடைக்கும் ரோபோவுக்கும் வைத்தவர், எங்கோ ஒரு கடையின் சர்வர் உடைந்த அன்று தன் வீட்டுக் கேமராவையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். ரோபோவுக்கென்று தனி பாஸ்வேர்ட், ஆப்பில் வசதி இருந்தால் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு: இந்த இரண்டும் இல்லாமல் கேமராவை இயக்கவே கூடாது.

இதே ரோபோக்களை டென்னிஸ் கீஸ என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளரும் புளூடூத் வழியாகவும் உடைத்தார்கள். 2024 ஆகஸ்ட்டில் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் அவர்கள் சொன்ன தூரம் சுமார் 130 மீட்டர். தெருமுனையில் நின்றால் போதும் என்று பொருள். கேமரா ஓடுவதைக் காட்டச் சிறு விளக்குகூட அந்த ரோபோக்களில் இல்லை. சில மாடல்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் எச்சரிக்கை ஒலிக்கும். அந்த ஒலிக் கோப்பையே அழித்துவிட முடியும் என்றும் சொன்னார்கள். மென்பொருளை நம்பிய எச்சரிக்கைக்கு இவ்வளவுதான் மதிப்பு. கையால் தள்ளி மூடும் மூடி உள்ள கேமராவுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரு துண்டு கறுப்பு டேப்பும் அதே வேலையைச் செய்யும், அந்தக் கேமராவை நம்பித்தான் ரோபோ வழி பார்க்கிறது என்றால் தவிர.

அப்டேட்டை ஒத்திப்போடுபவர்களுக்கு எல்.ஜி.யின் கதை உதவும். 2017-ல் செக்பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் எல்.ஜி.யின் வீட்டுச் சாதன ஆப்பில் ஓர் ஓட்டையைக் கண்டது. அதன் வழியே ஒருவருடைய கணக்கைக் கைப்பற்றி, அவருடைய ‘ஹோம்-பாட்’ துடைப்பான் ரோபோவின் கேமராவைத் திறந்து காட்டினார்கள். எல்.ஜி. செப்டம்பர் மாதமே ஆப்பைத் திருத்தி வெளியிட்டது, விஷயம் அக்டோபரில்தான் வெளியே வந்தது. இடைப்பட்ட நாட்களில் அப்டேட் செய்துகொண்டவர்கள் தப்பித்தார்கள். செய்தியைப் படித்துவிட்டும் செய்யாதவர்களின் வீட்டுக்கு வழி ஊருக்கே தெரிந்துவிட்டது.

ரூட்டரில் செய்ய வேண்டியது ஒன்றிரண்டுதான். பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினர் நெட்வொர்க் என்று ஒன்று உண்டு. ரோபோவை அதில் போட்டுவிட்டால், அது ஒருவேளை பிறர் கைக்குப் போனாலும் அதே வீட்டு லேப்டாப்பையும் வங்கி வேலை நடக்கும் கம்ப்யூட்டரையும் தொட முடியாது. ரூட்டரின் தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாமல் இதையெல்லாம் செய்வதில் பயனில்லை. 2016-ல் உலகின் பெரிய இணையதளங்களைப் பல மணி நேரம் முடக்கிய ‘மிராய்’ தாக்குதல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை மாற்றாத வீட்டுக் கேமராக்களையும் ரூட்டர்களையும் படையாகத் திரட்டித்தான் நடந்தது. பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் எளிதில் ஊகிக்கக்கூடிய தொழிற்சாலைப் பாஸ்வேர்டோடு இப்படிப்பட்ட சாதனங்களை விற்பதையே சட்டப்படி தடுத்துவிட்டது.

ரிச்சி தெருவில் கட்டிய ரோபோ

சென்னை ரிச்சி தெருவில் நான்கு சக்கரச் சட்டம், மோட்டார், கேமரா பொருத்திய ‘இ.எஸ்.பி.32-கேம்’ போர்டு, பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரு பையில் வாங்கிவந்து தாங்களே கட்டுபவர்கள் உண்டு. இன்ஜினீயரிங் கல்லூரி ப்ராஜெக்ட்டுகளில் பாதி இதுதான் என்றுகூடத் தோன்றும். யாருடைய சர்வருக்கும் படம் போகாது என்பது இதன் பெரிய லாபம். ஆனால் அந்த போர்டோடு வரும் மாதிரி நிரல் வீடியோவைப் பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமலே காட்டிவிடும். வீட்டு வைஃபைக்குள் அது பரவாயில்லை. வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டுத் திறந்துவிட்டால், இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடிப் பட்டியல் போடும் ஷோடான் போன்ற தேடுபொறிகளில் அந்த வீட்டுக் கூடமும் சேர்ந்துவிடும். வயர்கார்டு போன்ற வி.பி.என். ஒன்றைப் போட்டு, முதலில் வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்து பிறகு ரோபோவைத் திறப்பதே முறை. பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாமலும் போகும். அந்தத் தொல்லையை டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் தாண்டிவிடுகின்றன. அவற்றை அந்தச் சின்ன போர்டில் நேரடியாகப் போட முடியாது. அதற்கு வீட்டில் எப்போதும் ஓடும் ‘ராஸ்பெர்ரி பை’ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று போதும்.

கட்டுபவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் மின்சாரம். மோட்டாருக்கும் போர்டுக்கும் ஒரே சப்ளை கொடுத்தால், மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீஸ்டார்ட் ஆகும். கேமராவில் கோளாறு என்று அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். போர்டுக்குத் தனி சப்ளை கொடுத்தால் தீர்ந்தது. அதைவிட முக்கியம், அரை விநாடிக்குள் புதிய கட்டளை வராவிட்டால் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும் என்று நிரலில் எழுதுவது. ‘முன்னே போ’ என்ற கட்டளைக்கும் ‘நில்’ என்ற கட்டளைக்கும் நடுவே வைஃபை அறுந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தால் இதன் அருமை தெரியும்.

வீட்டில் இருப்பவரின் உரிமை

தொழில்நுட்பத்தில் எல்லாம் சரியாக இருந்தும் ரோபோ பரணுக்குப் போகும் வீடுகளில், பெரும்பாலும் அங்கே வசிப்பவரைக் கேட்காமலே வாங்கியிருப்பார்கள். அம்மா அப்பாவுக்காக வாங்குபவர் பெட்டியைப் பிரிக்கும் முன் அவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். எந்த நேரத்தில் வரலாம், எந்த அறைக்கு வரக்கூடாது, வரும் முன் போன் மணி அடிக்க வேண்டுமா, யார் யாருக்கு ஆப்பில் அனுமதி. மருமகன் திடீரென்று ரோபோ வழியாகக் கூடத்துக்கு வந்து நிற்பதை எல்லா மாமியாரும் ரசிப்பார்கள் என்று சொல்ல முடியாது. கேமராவை மூடவும் ரோபோவை அணைக்கவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அப்படி அணைத்தால் ஏன் என்று கேட்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். வீட்டு வேலைக்கு வருபவர், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோரிடமும் கேமரா இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர்களும் அந்த வீட்டில் நாளின் பாதியைக் கழிப்பவர்கள்தான். நடை தளர்ந்தவர் இருக்கும் வீட்டில், காலடியில் சத்தமில்லாமல் வந்து நிற்கும் ரோபோவே தடுக்கிவிடும் பொருளாகிவிடும். இரவு நேர ரோந்தை ஆப்பில் நிறுத்தி வைப்பது நல்லது.

குடும்பத்துக்கு வெளியேயும் பார்வையாளர்கள் இருக்கலாம். ஐரோபாட் நிறுவனத்தின் சோதனை ரூம்பாக்கள் 2020-ல் எடுத்த படங்கள், அவற்றில் கழிப்பறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படமும் உண்டு, வெனிசுவேலாவில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்தவர்கள் மூலம் சமூக ஊடகக் குழுக்களுக்குப் போயிருந்தன. 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதை வெளியிட்டது. அவை கடையில் விற்ற ரோபோக்கள் அல்ல, ஒப்புதல் கொடுத்த சோதனையாளர்களின் வீடுகளில் ஓடியவை என்றது நிறுவனம். ரோபோவுக்கு நாற்காலி எது, நாய் எது என்று கற்றுக்கொடுக்க யாரோ உட்கார்ந்து படங்களில் பெயர் குறிக்க வேண்டியிருக்கிறது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆப்பின் அமைப்புகளில் ‘தயாரிப்பை மேம்படுத்த உதவுங்கள்’ என்ற பெயரில் ஒரு பொத்தான் இருந்தால், அதை அணைத்துவிட்டு மேலே போகலாம். ரிங் நிறுவனம் தன் ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் வீடியோக்களைப் பார்க்க விட்டுவிட்டது என்ற வழக்கில் 2023-ல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 58 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. படம் எங்கே சேமிக்கப்படுகிறது என்று கேட்டுவிட்டு, ரோபோவிலேயே மெமரி கார்டில் வைத்துக்கொள்ளும் மாடலைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

விற்கும்போது, கொடுக்கும்போது

நிறுவனத்தின் சர்வரை நம்பிய ரோபோவை அந்த நிறுவனமே ஒருநாள் அணைத்துவிடலாம். போஷ் குழுமத்தின் ‘கூரி’ 2017-ல் ஆரவாரமாக வந்து, 2018-ல் வாடிக்கையாளர் கைக்குச் சரியாகப் போய்ச் சேரும் முன்பே நின்றுபோனது. கடைகளையும் அலுவலகங்களையும் சுற்றிவர அமேசான் 2023 நவம்பரில் 2,350 டாலருக்கு விற்கத் தொடங்கிய வணிக ஆஸ்ட்ரோ, 2024 செப்டம்பர் 25 அன்று வேலை செய்வதை நிறுத்தியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எல்லா நிறுவனமும் கொடுக்காது. இணையம் இல்லாமல் இந்த ரோபோ என்னவெல்லாம் செய்யும் என்று வாங்கும்போதே விற்பவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ரோபோவைக் கைமாற்றும்போது மெமரி கார்டை உருவிவிட்டு, ஆப்பிலிருந்து கருவியை நீக்கி, ரோபோவைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, கடைசியில் கணக்கை அழிக்க வேண்டும். வீட்டின் வரைபடமும் வைஃபை பாஸ்வேர்டும் அதற்குள் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும். எகோவாக்ஸைச் சோதித்த அதே ஆய்வாளர்கள், கணக்கை அழித்த பிறகும் அதன் அனுமதிச் சீட்டு சர்வரில் உயிரோடு இருந்ததையும், பழைய உரிமையாளர் நினைத்தால் புதியவர் வீட்டுக்குள் பார்க்க வழி இருந்ததையும் காட்டினார்கள். பழைய கேமரா ரோபோவை அடிமாட்டு விலைக்கு வாங்கியவர், அந்த மாடலில் இந்தக் கோளாறு சரிசெய்யப்பட்டதா என்று நிறுவனத்தின் அப்டேட் குறிப்புகளில் பார்த்து உறுதி செய்யும் வரை கேமராவை மூடியே வைத்து, தரை துடைக்க மட்டும் பயன்படுத்தலாம்.